தைப்பிங் ஏரிகள்: ஈயக் குழிகள் ஊர்க்குளமான வரலாறு

இரயிலும் மோட்டார் வண்டியும் வருவதற்கு முன்பு, மாடும் குதிரையுமே ஒரு நகரத்தின் சுமையை இழுத்தன என்பதால், அவற்றுக்குத் தண்ணீர் காட்டுவதற்கென ஊர் எல்லையிலோ சந்தையருகிலோ ஒரு நீர்நிலையை வைத்திருப்பது உலகின் பல பகுதிகளில் வழக்கமாக இருந்தது. இங்கிலாந்தின் சிற்றூர்களில் குதிரைகள் இறங்கிக் குடிப்பதற்காகச் சரிவான கரையுடன் அமைந்த குளங்கள் இருந்தன. யாழ்ப்பாணத்தில் தெருவோர மடத்தை ஒட்டிக் கேணியும், மாடுகள் உடலை உராய்ந்துகொள்வதற்கான ஆவுரோஞ்சிக் கல்லும் நின்றன. தமிழ்நாட்டில் மக்கள் குடிப்பதற்கு ஊருணி, கால்நடைக்குக் குட்டை, பாசனத்துக்கு ஏரி எனப் பயன்பாட்டை ஒட்டியே நீர்நிலைகள் பிரித்து அறியப்பட்டன. இத்தகைய குளங்களுக்கு இன்று பெரும்பாலும் மறந்துபோன இன்னொரு வேலையும் இருந்தது. வண்டிச் சக்கரத்தின் குடமும் ஆரக்கால்களும் விளிம்பாக அமையும் வட்டையும் மரத்தால் ஆனவை. கோடையில் மரம் உலர்ந்து சுருங்கும்போது, வட்டையைச் சுற்றிப் பழுக்கக் காய்ச்சி ஏற்றப்பட்ட இரும்புப் பட்டா தளர்ந்து கழன்றுவிடும். வண்டியைக் குளத்தில் இறக்கி நிறுத்தி வைத்தால், மரம் நீரை உறிஞ்சிப் பருத்து, பட்டா மீண்டும் இறுகிவிடும்.

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் இவ்வாறு விலங்குகளுக்கென்று குளம் வெட்டவேண்டிய தேவை பெரிதாக எழவில்லை. மலையோடைகளும் ஆறுகளும் எங்கும் ஓடின, மழைக்கும் பஞ்சமில்லை. ஆயினும் அம்மாநிலத்தின் பழைய தலைநகரான தைப்பிங், இன்று எதைவிடவும் தன் நடுவே விரிந்து கிடக்கும் ஏரிகளுக்காகவே அறியப்படுகிறது. அந்த ஏரிகள் இயற்கையாக அமைந்தவையும் அல்ல, தண்ணீருக்காகத் தோண்டப்பட்டவையும் அல்ல. ஈயம் எடுப்பதற்காகத் தோண்டிக் கைவிடப்பட்ட குழிகளே அவை. தண்ணீர் யாருக்கு என்பதற்காக ஆயிரக்கணக்கானோர் மோதிக்கொண்ட நிலத்தில், அதே தண்ணீர் எல்லோருக்கும் பொதுவான ஒரு ஊர்க்குளமாக மாறிய வரலாறு தமிழ் வாசகர் பலரும் அறியாதது.

அந்த வரலாறும் ஒரு விலங்கிலிருந்தே தொடங்குவதாக வாய்மொழி மரபு கூறுகிறது. தைப்பிங் அமைந்துள்ள லாருட் பகுதியை நிர்வகித்த மலாய்த் தலைவரான லோங் ஜாஃபாருக்கு லாருட் என்ற பெயரில் ஒரு யானை இருந்ததாகவும், காட்டில் காணாமற்போய்ச் சில நாட்களுக்குப் பின் அது திரும்பியபோது அதன் கால்களில் ஒட்டியிருந்த சேற்றில் ஈயத் தாது தென்பட்டதாகவும், 1848ஆம் ஆண்டை ஒட்டி அப்பகுதியின் ஈயவளம் அவ்வாறே வெளிப்பட்டதாகவும் அக்கதை செல்லும். யானைக் கதையை வரலாறாகக் கொள்ள வேண்டியதில்லை என்றாலும், அதில் ஒரு நிலவியல் உண்மை அடங்கியிருக்கிறது. இங்கு ஈயம் எனப்படுவது வெள்ளீயம்; அதன் தாது மலைப்பாறைகளிலிருந்து சிதைந்து, ஆற்று நீரால் அடித்து வரப்பட்டு, அடிவாரச் சமவெளியின் மணலிலும் களிமண்ணிலும் படிந்து கிடப்பது. ஆகையால் பாறையைக் குடைந்து சுரங்கம் அமைக்காமல், மேல்மண்ணை அகற்றித் திறந்த குழியாகத் தோண்டினாலே தாது கிடைத்தது. லோங் ஜாஃபாரும், அவருக்குப் பின் அவர் மகன் ஙா இப்ராகிமும் பினாங்கு வணிகர்களின் முதலீட்டில் சீனத் தொழிலாளர்களை வரவழைக்க, சில ஆண்டுகளுக்குள் காடாக இருந்த நிலம் குழிகளின் நிலமாயிற்று.

குழி தோண்டும் முறையைச் சற்று விளக்கிச் சொன்னால்தான், பின்னர் நிகழ்ந்த கலவரங்களின் காரணம் விளங்கும். தொழிலாளர்கள் மண்வெட்டியால் வெட்டிய மண்ணைக் காவடித் தண்டின் இருபுறமும் தொங்கிய கூடைகளில் நிரப்பி, படி வெட்டப்பட்ட சாய்ந்த மரக்கட்டைகளின்மீது ஏறிக் கரையில் கொட்டினர். குழி சில ஆள் ஆழம் இறங்கியதுமே ஊற்று நீரும் மழை நீரும் அதை நிரப்பத் தொடங்கும். அதை வெளியேற்ற, நீளமான மரத்தொட்டிக்குள் சங்கிலிபோல் கோத்த பலகைகள் நீரை மேலே தள்ளிக்கொண்டே வரும் சீன இறைப்பொறி பயன்பட்டது. அந்தப் பொறியைச் சுழற்றியது ஒரு நீர்ச்சக்கரம். நீர்ச்சக்கரத்தைச் சுழற்ற மலையிலிருந்து கால்வாய் வழியே வரும் ஓடைநீர் வேண்டும். வெட்டிய மண்ணை நீண்ட மரவாய்க்காலில் இட்டு அலசி, எடை குறைந்த மணல் அடித்துச் செல்லப்பட, எடை மிகுந்த தாது அடியில் தங்குமாறு பிரிப்பதற்கும் அதே நீரே தேவைப்பட்டது. குழிக்குள் நிற்கும் நீர் பகையாகவும், மேலிருந்து வரும் நீர் உயிராகவும் இருந்த இத்தொழிலில், மலையோடையை யார் தன் பக்கம் திருப்பிக்கொள்கிறாரோ அவரே பிழைத்தார்.

லாருட்டின் சுரங்கங்கள் இரண்டு பெரும் சீனச் சங்கங்களின் கையில் இருந்தன. ஹாய் சான் என்ற சங்கத்தினர் இன்றைய தைப்பிங் இருக்கும் கிளியான் பாவ் பகுதியிலும், கீ ஹின் என்ற சங்கத்தினர் வடக்கே இன்று கமுந்திங் எனப்படும் கிளியான் பாரு பகுதியிலும் குழுமியிருந்தனர். சங்கம் என்ற சொல்லுக்கு இங்கே தமிழர் வழக்கமாகக் கொள்ளும் பொருள் பொருந்தாது. உறுதிமொழி ஏற்று உறுப்பினராகி, வேலை, கடன், காவல், ஈமச்சடங்கு வரை எல்லாவற்றுக்கும் ஒரே அமைப்பைச் சார்ந்து வாழும் கட்டுக்கோப்பான இரகசியக் கூட்டங்கள் அவை. 1861இல் சுரங்கங்களுக்குச் செல்லும் நீர்க்கால்வாயை யார் கட்டுப்படுத்துவது என்பதில் எழுந்த தகராறு முதல் லாருட் போராக மூண்டது. கீ ஹின் தரப்பினர் விரட்டப்பட்டனர். அவர்களுள் பிரிட்டிஷ் குடிமக்கள் இருந்ததால் பினாங்கை உள்ளடக்கிய பிரிட்டிஷ் ஆட்சிப்பகுதியான நீரிணைக் குடியேற்றங்களின் ஆளுநர் தலையிட்டு, ஙா இப்ராகிமை இழப்பீடாக 17,447 டாலர் கொடுக்கச் செய்தார். அதன்பின் 1874 வரை மேலும் மூன்று முறை கலவரம் வெடித்தது. சூதாட்டத் தகராறு போன்ற உடனடிக் காரணங்கள் ஒவ்வொரு முறையும் வேறுபட்டாலும், அடியில் ஓடியது பெரும்பாலும் நிலமும் நீருமே.

இந்தக் குழப்பமே பிரிட்டிஷ் ஆட்சி மலாய் மாநிலங்களுக்குள் நுழையும் வாயிலாகவும் அமைந்தது. 1874ஆம் ஆண்டு ஜனவரி 20ஆம் நாள் கையெழுத்தான பங்கோர் உடன்படிக்கையின்படி, சுல்தானுக்கு ஆலோசனை கூறும் பெயரில் ஆட்சியையே நடத்தப்போகும் ரெசிடென்ட் எனும் அதிகாரி பேராக்கில் நியமிக்கப்பட்டார். உடன்படிக்கை முடிந்த கையோடு டன்லப், சுவெட்டன்ஹாம், பிக்கரிங் ஆகியோர் அடங்கிய ஆணையம் லாருட்டுக்குச் சென்று, கிளியான் பாவ் ஹாய் சானுக்கும் கமுந்திங் கீ ஹினுக்கும் எனச் சுரங்கங்களைப் பிரித்துக் கொடுத்தது. முன்னர் ஙா இப்ராகிமுக்காக இந்தியச் சிப்பாய்களைத் திரட்டி வந்திருந்த கேப்டன் ஸ்பீடி துணை ரெசிடென்ட் ஆனார். புதிதாக எழுந்த நகருக்குச் சீன மொழியில் பேரமைதி எனப் பொருள்படும் தைப்பிங் என்ற பெயர் வந்தது. பெயரிட்டவர்களின் களைப்பு அதில் தெரிகிறது எனலாம்.

முதல் ரெசிடென்ட் பர்ச் 1875 நவம்பரில் பாசிர் சாலாக்கில் கொல்லப்பட்ட பின், 1876இல் தைப்பிங் பேராக்கின் நிர்வாகத் தலைநகராயிற்று. 1877இல் பொறுப்பேற்ற ஹியூ லோ, ஹாய் சான் தலைவரும் பெருஞ்சுரங்க அதிபருமான சுங் கெங் குவீ மூலம் நீராவியால் இயங்கும் இறைப்பொறியை லாருட் சுரங்கத்தில் அறிமுகப்படுத்தச் செய்தார். அதன் விளைவு இருவகையானது. மரச்சங்கிலிப் பொறியால் எட்ட முடியாத ஆழத்துக்குக் குழிகள் இறங்கின; அதே வேகத்தில் மேற்படிவுகள் தீர்ந்தும் போயின. தாது தீர்ந்த குழியில் பொறி நின்றதும் சில வாரங்களில் நீர் நிரம்பிவிடும். தலைநகரின் வாசலிலேயே சேறும் மணல்மேடும் தேங்கிய நீருமாக இத்தகைய குழிகள் வரிசையாகக் கிடந்தன.

அந்நாளைய தைப்பிங்கின் போக்குவரத்து முற்றிலும் விலங்குகளை நம்பியிருந்தது. உருக்கி வார்த்த ஈயக் கட்டிகள் யானை முதுகிலும் மாட்டுவண்டியிலும் ஆற்றுத் துறைக்குச் சென்று, அங்கிருந்து படகில் ஏறின. அதிகாரிகள் குதிரையிலோ மட்டக்குதிரை பூட்டிய வண்டியிலோ சென்றனர். 1879இல் இங்கு வந்த ஆங்கிலப் பயண எழுத்தாளர் இசபெல்லா பேர்ட், தைப்பிங்கிலிருந்து கோலகங்சாருக்கு யானைமேல் சென்ற அனுபவத்தைத் தம் நூலில் விரிவாக எழுதியுள்ளார். யானை வழியில் தன் விருப்பம்போல் நின்று நீர் குடித்ததும் துதிக்கையால் நீரை வாரி இறைத்ததும் அவருக்குப் பெரும் சோதனையாக இருந்திருக்கின்றன. மாட்டுவண்டி ஓட்டும் தொழிலிலும், சாலை போடும் பணியிலும் தமிழர் கணிசமாக ஈடுபட்டனர். 1885ஆம் ஆண்டு ஜூன் முதல் நாள், தைப்பிங்கையும் போர்ட் வெல்ட் துறைமுகத்தையும் இணைக்கும், சுமார் 13 கிலோமீட்டர் நீளமுள்ள மலாயாவின் முதல் இரயில் பாதை திறக்கப்பட்டது. இலங்கையிலிருந்து வரவழைக்கப்பட்ட பயோனியர் படையினர் அதன் கட்டுமானத்தில் உழைத்தனர். ஈயம் இரயிலேறியதும் துறைமுகத்துக்குச் சென்ற வண்டித்தடத்தின் முக்கியத்துவம் குறைந்தது.

இதற்கிடையில் 1880ஆம் ஆண்டு இரண்டு நிகழ்வுகள் நகரின் முகத்தை மாற்றின. ஒரு பெருந்தீ நகரின் பெரும்பகுதியை அழிக்க, அது அகன்ற நேர்த்தெருக்களுடன் மீண்டும் கட்டப்பட்டது. அதே ஆண்டில், பேராக் ஆயுதப் படையின் தலைவராக இருந்த கர்னல் ராபர்ட் சாண்டிலாண்ட்ஸ் ஃப்ரவுட் வாக்கரின் யோசனைப்படி, கைவிடப்பட்ட ஈயக் குழிகள் இருந்த நிலத்தைப் பொதுப் பூங்காவாக மாற்றும் பணி தொடங்கியது. குழிகளை மூடாமல், கரைகளைச் சரித்து, நீரை ஒன்றிலிருந்து ஒன்றுக்கு ஓடவிட்டு, இடையே புல்லும் மரமும் வளர்த்து ஏரிகளாக்கினர். பூங்கா 1884இல் மக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. இன்று சுமார் 64 எக்டர் பரப்பில், அதாவது ஏறத்தாழ 160 ஏக்கரில், சிறிதும் பெரிதுமாகப் பல ஏரிகளைக் கொண்டுள்ள இது, மலேசியாவின் மிகப் பழைய பொதுப் பூங்காவாகக் கருதப்படுகிறது.

நிலத்தைக் கொடுத்தவர் யார் என்பதில் பரவலாக நிலவும் ஒரு செய்தியை இங்கே சற்றே நின்று ஆராய வேண்டியுள்ளது. சுங் கெங் குவீயின் மகனும் பிற்காலத்தில் மலாயாவின் புகழ்பெற்ற செல்வந்தருமான சுங் தாய் பின் இந்த நிலத்தை நகர மக்களுக்கு வழங்கினார் என்று பல சுற்றுலா ஏடுகள் எழுதுகின்றன. சுங் தாய் பின் பிறந்தது 1879இல். பூங்கா தொடங்கிய ஆண்டில் தவழும் குழந்தையாக இருந்த ஒருவர் நிலக்கொடை செய்திருக்க இயலாது. தொடக்கக் கொடை அவர் தந்தையுடையதாகவோ, மகனுடைய கொடை பூங்கா விரிவடைந்த பிற்காலத்தைச் சேர்ந்ததாகவோ இருந்தால் மட்டுமே அச்செய்தி பொருந்தும். முதல் இரயில், முதல் அருங்காட்சியகம், முதல் பூங்கா எனத் தைப்பிங்கின் ‘முதல்’களைப் பட்டியலிடுவதில் காட்டப்படும் உற்சாகத்தில் ஒரு பங்கை ஆண்டுக் கணக்கைச் சரிபார்ப்பதிலும் காட்டினால் நன்று.

தைப்பிங் ஏரிகளை நீரோடு வைத்திருப்பது கிழக்கே எழும் மலைத்தொடர். மேற்குக் கடலிலிருந்து வரும் ஈரக்காற்று இம்மலையில் மோதி மேலெழுந்து குளிர்வதால், தீபகற்ப மலேசியாவிலேயே மிக அதிக மழை பெறும் ஊர்களுள் ஒன்றாகத் தைப்பிங் விளங்குகிறது. ஆண்டு மழை சுமார் 4,000 மில்லிமீட்டர், அதாவது சென்னை பெறுவதைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு. முன்பு மேக்ஸ்வெல் குன்று என்றும் இப்போது புக்கிட் லாருட் என்றும் அழைக்கப்படும் மலைவாசத்தலம் இத்தொடரில்தான் உள்ளது. முன்னாளில் செல்வந்தர்கள் அன்றைய மழை எத்தனை மணிக்குத் தொடங்கும் என்று பந்தயம் கட்டினார்கள் என்பது இவ்வூரார் இன்றும் சொல்லி மகிழும் செய்தி.

ஏரிக்கரையின் அடையாளமாக நிற்பவை தூங்குமூஞ்சி மரங்கள். தென் அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட இம்மரம், மாலை மயங்கும் வேளையில் இலைகளை மடக்கிக்கொள்வதால் மலாய் மக்கள் இதை ‘ஐந்து மணி’ மரம் என்று அழைக்கின்றனர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஏரியை ஒட்டிய சாலையோரம் நடப்பட்ட மரங்களின் கிளைகள், வெளிச்சம் தடையின்றிக் கிடைக்கும் நீர்ப்பரப்பை நோக்கி வளர்ந்து, சாலையைக் குறுக்காகத் தாண்டி, மறுபுறம் ஏரிநீரைத் தொடும் அளவுக்குத் தாழ்ந்துவிட்டன. அருகில் சென்று பார்த்தால், ஒவ்வொரு கிளையின் மேற்புறமும் பெரணியும் பாசியும் தொற்றுத் தாவரங்களும் போர்த்தியிருப்பதும், கிளையின் பளு தாங்காத இடங்களில் முட்டுக்கால் கொடுக்கப்பட்டிருப்பதும் தெரியும். மரங்களைக் காப்பதற்காக, அந்தச் சாலை நடப்பவர்களுக்கென ஒதுக்கப்பட்டுவிட்டது. வண்டி போவதற்காகப் போட்ட சாலையை மரத்துக்காக விட்டுக்கொடுத்த நகரங்கள் மிகச் சிலவே.

ஏரிகளைச் சுற்றிப் பிற வரலாறுகளும் குடியேறின. 1879இல் எழுந்த சிறைச்சாலையும் 1883இல் ஹியூ லோ தொடங்கிய பேராக் அருங்காட்சியகமும் ஒன்றுக்கொன்று எதிரே நிற்கின்றன. மலையடிவாரத்தில், இரண்டாம் உலகப் போரில் மாண்ட 800க்கும் மேற்பட்ட வீரர்களின் கல்லறைகள் ஒரு சாலையின் இருபுறமுமாக அமைந்துள்ளன. அவற்றுள் இந்தியப் படையினர் பலருடையவும் உண்டு. 1961இல் ஏரித் தோட்டத்தை ஒட்டி விலங்குக் காட்சிசாலை திறக்கப்பட்டது. இவற்றின் நடுவே ஏரிகளைத் தூர்க்கப்படாமல் காத்தது, 1937இல் மாநிலத் தலைநகர் ஈப்போவுக்கு மாற்றப்பட்டதுதான் எனத் துணிந்து கூறலாம். பணமும் கட்டடங்களும் ஈப்போ அமைந்துள்ள கிந்தா பள்ளத்தாக்குக்கு நகர, தைப்பிங் வளராமல் நின்றது. வளராத நகரில் ஏரியைத் தூர்க்கும் ஆசை எவருக்கும் எழவில்லை. தலைநகர்ப் பெருமையை இழந்த வருத்தம் தைப்பிங் மக்களுக்கு நெடுநாள் இருந்தது. 2019இல் பெர்லினில் நடந்த பன்னாட்டுப் பயணக் கண்காட்சியில், நீடித்த வளர்ச்சிக்கான விருதுகளின் நகரப் பிரிவில் தைப்பிங் மூன்றாம் இடம் பெற்றபோது அந்த வருத்தம் ஓரளவு ஈடாகியிருக்கலாம்.

தலைநகரைப் பெற்ற ஈப்போவைச் சுற்றியுள்ள குழிகளின் கதை வேறு. கிந்தா பள்ளத்தாக்கில் மண்வெட்டியின் இடத்தை முதலில் நீரைப் பீய்ச்சி மண்ணைக் கரைக்கும் பொறிகளும், 1913 முதல் மிதக்கும் தூர்வாரிகளும் பிடித்தன. தூர்வாரி என்பது, தான் தோண்டிய குளத்திலேயே மிதந்துகொண்டு, சங்கிலியில் கோத்த இரும்பு வாளிகளால் முன்பக்கம் மண்ணை அள்ளி, உள்ளேயே அலசித் தாதைப் பிரித்து, கழிவு மணலைப் பின்பக்கம் கொட்டி நகரும் ஒரு தொழிற்சாலை. தஞ்சோங் துவாலாங் அருகே இன்று காட்சிக்கு வைக்கப்பட்டுள்ள, 1938இல் கட்டப்பட்ட தூர்வாரி 4,500 டன் எடை கொண்டது. 1982 வரை வேலை செய்தது. 1985 அக்டோபரில், ஈயத்தை வாங்கி இருப்பில் வைத்து விலையைத் தாங்கிவந்த பன்னாட்டு ஈய மன்றத்தின் கையிருப்பு நிதி தீர்ந்து ஈயத்தின் விலை சரிந்தபோது, கிந்தாவின் சுரங்கங்கள் அடுத்தடுத்து மூடப்பட்டன. மூடியவர்கள் குழிகளை அப்படியே விட்டுச் சென்றனர்.

பேராக் தமிழர் பேச்சில் ஈயக்குட்டை எனப்படுபவை அவையே. இரப்பர் தோட்டங்களின் எல்லையிலும் புறநகர்ப் புதுக்குடியிருப்புகளின் பின்புறத்திலும் கிடக்கும் இக்குட்டைகளில் தோட்டத்து மக்கள் தூண்டில் போட்டு விராலும் திலாப்பியாவும் பிடித்தனர். கரையோரத்தில் கங்கோங் கீரை பறித்தனர். தஞ்சோங் துவாலாங்கில் பழைய குட்டைகளில் நன்னீர் இறால் வளர்ப்பு பெரிய தொழிலாயிற்று. பத்து காஜா அருகே சில குட்டைகள் நாரைகளும் கொக்குகளும் தங்கும் பறவைச் சரணாலயமாக மாறின. ஈப்போவின் குனோங் லாங் பொழுதுபோக்குப் பூங்காவில் சுண்ணாம்புக் குன்றின் அடியில் கிடக்கும் ஏரியைப் படகில் சுற்றி வரலாம். மற்றவை பெரும்பாலும் வேலியின்றி, பெயரின்றி, குப்பை கொட்டும் இடமாகவே கிடக்கின்றன. கரையிலிருந்து ஓரடி வைத்ததுமே செங்குத்தாக ஆழம் இறங்குவதால், குளிக்கச் சென்ற சிறுவர்கள் உயிரிழக்கும் செய்தி அவ்வப்போது நாளிதழ்களில் வந்துகொண்டே இருக்கிறது. தைப்பிங்கில் 1880களில் செய்யப்பட்ட வேலைகளுள் கரையைச் சரிவாக்கியதும் ஒன்று என்பது இங்கே நினைவுகூரத் தக்கது.

இரு பகுதிகளிலும் கிடந்தவை ஈயக் குழிகளே, மழைக்கும் குறைவில்லை. வேறுபாடு பொறுப்பில் இருக்கிறது. தமிழகச் சிற்றூர்களில் கண்மாயின் கரையையும் மடையையும் ஊரார் ஆண்டுதோறும் கூடிச் சீர்செய்த குடிமராமத்து முறை, நீர்நிலைக்கு ஒரு பொறுப்பாளரை எப்போதும் வைத்திருந்தது. அம்முறை தளர்ந்தபின் கண்மாய்களுக்கு என்ன நேர்ந்தது என்பதும் அறிந்ததே. தைப்பிங் ஏரிகளுக்கு முதலில் ஒரு படைத்தலைவரும், பின்னர் நகராண்மை நிர்வாகமும் பொறுப்பேற்றனர். புல் வெட்டவும் கரை கட்டவும் ஆள் இருந்தது, அதற்குக் கணக்கில் பணமும் இருந்தது. கிந்தாவின் பெரும்பாலான குட்டைகளுக்கு அப்படி ஒருவரும் இல்லை. தங்கள் வட்டாரத்து ஈயக்குட்டை எந்த நிறுவனத்தின் சுரங்கமாக இருந்தது, இன்று யார் பெயரில் உள்ளது, அதன் ஆழம் என்ன என்பதை நில அலுவலகத்தில் கேட்டறிந்து, முதற்படியாக வேலியும் எச்சரிக்கைப் பலகையும் கேட்டு மனுக் கொடுப்பது அங்குள்ள குடியிருப்புச் சங்கங்களும் தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் சங்கங்களும் உடனே செய்யக்கூடிய வேலை.